ஒரே தெரு, இரண்டு நாள்: இராணுவ சிமுலேஷன்களின் மனித மொடல்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

இறுதி வருட புரொஜெக்டோடு வருகிற பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சேர், மனிசரை மொடல் பண்ண எது நல்லம்? பிடிஐயா, நியூரல் நெட்வேர்க்கா?" (பிடிஐ என்பது ஓர் ஆளின் நம்பிக்கை, விருப்பம், எண்ணம் மூன்றையும் வைத்து அவர் முடிவை எழுதும் முறை; நியூரல் நெட்வேர்க் என்பது தானே பழகிக் கற்கும் நிரல்.) நான் திருப்பிக் கேட்பேன்: "எந்த மனிசர்? எந்த நிமிசத்தில?" இதற்குப் பதில் இல்லாமல் முறைகளை ஒப்பிடத் தொடங்கினால் கடைசியில் கிடைப்பது ஓர் அழகான அட்டவணை மட்டும்தான். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

நான் மட்டக்களப்பு கல்லடியில் இருந்து மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். வார இறுதிகளில் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு சிமுலேஷன் வேலையில் கைகொடுக்கிறேன். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். இராணுவ சிமுலேஷன் என்றதும் எங்கள் பக்கத்தில் முகம் சுளிப்பவர்கள் உண்டு. காரணத்தை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் மனிதர் முடிவெடுப்பதைக் கணினியில் எழுதிப் பார்க்க அதிகம் பணம் செலவழித்தவர்கள் படைத்துறையினர். அதில் பெரும்பகுதி பகிரங்கமான ஆய்வுகளாகக் கிடக்கிறது. எடுத்து எங்கள் தேவைக்குப் பாவிக்கலாம். எங்கள் தேவை கடல்: சுனாமி வரும்போது கரையில் இருப்பவர்கள் எப்படி வெளியேறுவார்கள் என்பது.

முதலில் அந்தப் பிரச்சினை எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். போரில் ஆள் இழப்பைக் கணக்கிட 1916இல் லான்செஸ்டர் எழுதிய சமன்பாடுகளில் மனிதனே இல்லை. சமமான பலமுள்ள 10 பேரும் 6 பேரும் மோதினால், அவருடைய வர்க்க விதிப்படி 100இலிருந்து 36ஐக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 6 பேரும் முடியும்போது மற்றப் பக்கத்தில் 8 பேர் மிஞ்சுவார்கள். பயந்து ஓடியவர், ஒளிந்தவர், கட்டளை விளங்காதவர் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. 1980களில் அமெரிக்காவில் சிம்நெட் வந்தது. டாங்கிப் பயிற்சிக் கூடுகளை வலையமைப்பால் இணைத்து, பலர் ஒரே களத்தில் பயிற்சி செய்தார்கள். எதிரிப் பக்கத்துக்கு அத்தனை ஆட்களை எங்கே தேடுவது? ஓரிருவர் திரையில் கட்டளையிட, மற்றதைக் கணினி பார்த்துக்கொள்ளும் 'அரைத் தானியங்கிப் படை' அப்படித்தான் வந்தது. அந்தப் படை முட்டாள்தனமாக நடந்தால் பயிற்சி கெடும். ஆகவே மனிதரைப் போல நடக்கவைக்கும் வழிகளைத் தேடினார்கள். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு வழியில் போனது.

காட்சியைச் சின்னதாக்குங்கள்

ஒப்பிட ஒரே காட்சி வேண்டும். நான் கொடுப்பது நாவலடியில் ஒரு வீடு. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுக்கமான மணல் திட்டு. வெளியேற இரண்டு வழி: தெற்கே டச்பார் பக்கம் போகிற தெரு, இல்லாவிட்டால் வாவியில் தோணி. வீட்டில் அம்மா, நடக்கச் சிரமப்படும் அம்மம்மா. அப்பா கடற்கரையில் வலை பொத்துகிறார். மகன் கல்லடிப் பாலத்துக்கு அங்கால் டியூஷனில். காட்சியின் நீளம் இருபது நிமிடம்.

மொடலிடம் மூன்றே பதில் கேளுங்கள். எந்த நிமிடத்தில் படலையைத் தாண்டினார்கள், எந்தத் திசையில் போனார்கள், யார் யாரோடு போனார்கள். இதற்கு மேல் கேட்டால் குழம்புவீர்கள். "பதற்றத்தின் அளவு" மாதிரியான வெளியீடுகளைத் தவிருங்கள். அதை எந்தச் சாட்சியோடும் ஒத்துப்பார்க்க முடியாது.

அதே காட்சியை இரண்டு நாளில் வையுங்கள். ஒன்று 2004 டிசம்பர் 26. அன்று ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை). காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்திரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. இரண்டு மணி நேரம் ஆகுமுன்பே அலை எங்கள் கரையில். எச்சரிக்கை எதுவும் இல்லை. மற்றது 2012 ஏப்ரல் 11. அதே சுமாத்திராப் பக்கம் 8.6 அளவில் நிலநடுக்கம், பிற்பகலில். எச்சரிக்கை விடுக்கப்பட்டது, கரையோரத்தில் இருந்தவர்கள் வெளியேறினார்கள், பேரழிவு அலை வரவில்லை. ஒரே தெரு, அனேகமாக அதே ஆட்கள். ஆனால் நடத்தை வேறு. முதல் நாளில் சுனாமி என்ற சொல்லே பலருக்குத் தெரியாது. இரண்டாவது நாளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

என் கருத்தில் ஒப்பீட்டின் முழுச் சாரமும் இங்கேதான் இருக்கிறது. 2004ஐ 2012க்குக் கொண்டுபோக ஒவ்வொரு முறையும் என்ன வழி வைத்திருக்கிறது என்று பாருங்கள். வேகம், கோட் வரிகளின் எண்ணிக்கை, படத்தின் அழகு எல்லாம் மறுகா.

நிலைமாற்றப் பொறி

இதிலிருந்து தொடங்குங்கள். அரைத் தானியங்கிப் படைகளில் மிகப் பரவலாக ஓடியதும் இதுதான். அம்மாவுக்கு நான்கு நிலை: வேலையில் இருத்தல், விசாரித்தல், ஆட்களைச் சேர்த்தல், நகர்தல். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக ஒரு நிபந்தனை. ஒரு பின்னேரத்தில் பைத்தனில் எழுதிவிடலாம், பிழை பிடிப்பதும் லேசு.

'விசாரித்தல்' என்ற நிலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அனர்த்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இது: எச்சரிக்கை கேட்டவுடன் ஆட்கள் ஓடுவதில்லை. இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்துகிறார்கள், குடும்பத்தைச் சேர்க்கிறார்கள், அப்புறம்தான் கிளம்புகிறார்கள். சினிமாவில் வருகிற பீதி நிஜத்தில் அபூர்வம்.

குறை என்னவென்றால், 2012க்குப் போகும்போது நீங்களே கையால் 'விசாரித்தல்' நேரத்தைக் குறைக்க வேண்டும். ஆறு நிமிடத்தை இரண்டாக்கினால் விடை சரியாக வரும். ஆனால் அந்த இரண்டை மொடல் சொல்லவில்லை, நீங்கள் சொன்னீர்கள். அறிக்கையில் அதை அப்படியே எழுதிவிட்டால் தவறில்லை.

விதித் தொகுப்பு

லேயர்ட், நியூவெல், ரோசன்புளூம் ஆகியோர் 1980களில் உருவாக்கிய 'சோர்' இந்த வகையில் பெரிய பெயர். "இப்படி இருந்தால் இதைச் செய்" என்ற விதிகள் வேலை நினைவகத்தோடு (அந்த நேரத்தில் மனதில் இருக்கும் தகவலோடு) பொருந்தும்; எந்த விதியும் வழிகாட்டாமல் முட்டுப்பட்டால், அந்த முட்டுக்கட்டையைத் தீர்ப்பதையே ஒரு துணை இலக்காக எடுத்து யோசிக்கும். 1997இல் நடந்த ஒரு பெரிய படைப் பயிற்சியில் சோரில் எழுதிய கணினி விமானிகள் 48 மணி நேரம் தொடர்ந்து பறந்தார்கள். அதற்குள் இருந்த விதிகள் ஐயாயிரத்துக்கு மேல்.

அது வென்றதற்குக் காரணம் விமானிகளுக்குக் கைநூல் இருக்கிறது. எந்த உயரம், எந்த அழைப்புக்கு எந்தப் பதில் என்று எல்லாம் எழுதி, படித்து, பரீட்சை வைத்திருக்கிறார்கள். கைநூலை விதியாக்குவது உழைப்புத்தான், ஆனால் நேர்வழி. நாவலடி அம்மாவுக்குக் கைநூல் எங்கே? இந்தச் சறுக்கல் பல படைத்துறை சிமுலேஷன்களில் தெரிகிறது: படையாள் நுணுக்கமாக நடப்பான், அதே தெருவில் போகிற பொதுமகன் இரண்டு புள்ளிக்கு இடையில் நடந்து திரிகிற ஒரு பொம்மை. சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று வளர்ந்த எங்களுக்கு அது உடனே கண்ணில் படும்.

எனவே விதித் தொகுப்பைப் பொலிஸ், கடற்படை, அனர்த்த முகாமைத்துவ நிலைய அலுவலர் போன்ற பாத்திரங்களுக்கு வையுங்கள். அவர்களுக்கு எழுதிய நடைமுறை உண்டு.

பிடிஐ

நம்பிக்கை, விருப்பம், எண்ணம் என்று மூன்று பெட்டி. பிராட்மன் என்ற தத்துவவியலாளரின் சிந்தனையிலிருந்து வந்தது. ராவும் ஜோர்ஜெஃபும் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். 1990களில் அவுஸ்திரேலியப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வான்போர் மொடல்களுக்கு இதைப் பாவித்தார்கள். விமானியோடு உட்கார்ந்து, அவர் பேசுகிற விதத்திலேயே திட்டங்களை எழுத முடிவது இதன் பலம். எங்களுக்கும் அதே பலன்தான்.

ஒரு துண்டை நெருங்கிப் பார்ப்போம். அம்மாவின் நம்பிக்கைகள்: "பக்கத்து வீட்டார் ஓடுகிறார்கள்", "மகன் டியூஷனில்". விருப்பங்கள்: "எல்லாரும் தப்ப வேண்டும்", "மகன் என் கண்ணில் பட வேண்டும்". எடுத்த எண்ணம்: "பாலத்துப் பக்கம் போய் மகனைக் கூட்டிவருதல்". பாலம் எதிர்த்திசையில் வருகிற சனத்தால் அடைபட்டிருக்கிறது என்று ஒரு புதிய நம்பிக்கை வருகிறது. எண்ணத்தை விடுவாளா? இங்கேதான் பிடிஐ உங்களைக் கேள்வி கேட்கிறது. எடுத்த முடிவில் எவ்வளவு பிடிவாதம்? ஒவ்வொரு புதிய செய்திக்கும் மறுயோசனை செய்கிற ஏஜென்ட் (மொடலுக்குள் நடமாடும் கணினி ஆள்) நடுத்தெருவில் கிறுகிக் கிறுகி நிற்கும். ஒருதரமும் யோசிக்காத ஏஜென்ட் அலைக்குள் போகும். பிடிவாதத்தை அம்மாவுக்குக் கூட்டியும், வாடகைக்கு இருக்கிற இளந்தாரிக்குக் குறைத்தும் ஓடவிட்டுப் பாருங்கள்.

2012க்குப் போக, எழுதிவைத்த திட்டங்களைத் தொடவே தேவையில்லை. "கடல் ஊருக்குள் வரும்" என்ற ஒரு நம்பிக்கையைத் தொடக்கத்திலேயே வையுங்கள். விசாரிக்கிற நேரம் தானாகவே சுருங்கும். நான் இதை விரும்புவதற்கு இதுவே காரணம். பலவீனமும் உண்டு: அந்த நம்பிக்கை எட்டு வருடத்தில் மங்கியதா, கூடியதா என்று பிடிஐக்குத் தெரியாது. இருக்கிறது, இல்லை, அவ்வளவுதான்.

ஆக்ட்-ஆர்

மங்குவதைக் கணக்குப் போட ஜோன் அண்டர்சனின் ஆக்ட்-ஆர் இருக்கிறது. ஒரு நினைவு எத்தனை தரம், எவ்வளவு காலத்துக்கு முன் மீட்கப்பட்டது என்பதை வைத்து அதன் பலத்தைச் சொல்லும். ஒவ்வொரு மீட்டலுக்கும் கடந்த காலத்தின் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்துக் கூட்டுங்கள். (அதன்மேல் மடக்கை எடுப்பார்கள், ஒப்பிட இது போதும்.)

கையால் செய்து பாருங்கள். 2004 டிசம்பரிலிருந்து 2012 ஏப்ரல் வரை சுமார் 7.3 வருடம். அன்றைய நினைவை ஒருவர் அதன்பின் மீட்கவே இல்லை என்றால் கூட்டுத்தொகை 0.37. ஒவ்வொரு டிசம்பர் 26உம் விளக்கேற்றி நினைவுகூர்ந்த வீட்டில் 2005 முதல் 2011 வரை ஏழு மீட்டல் சேர்கிறது: 0.29 வருடத்துக்கு முன், 1.29 வருடத்துக்கு முன் என்று போகும். எல்லாம் கூட்டினால் 5.6 அளவில் வரும். பதினைந்து மடங்கு வித்தியாசம். நினைவுத்தூபி இருக்கிற ஊரும் இல்லாத ஊரும் ஏன் வேறுவிதமாக நடக்கலாம் என்று கேட்க ஒரு பிடி கிடைக்கிறது.

ஆனால் கவனம். அந்தச் சூத்திரம் பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் சொற்பட்டியல் மனனம் செய்தவர்களை வைத்து வளர்ந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த நினைவு சொற்பட்டியல் அல்ல. ஆட்களை வரிசைப்படுத்த மட்டும் இந்த எண்ணைப் பாவியுங்கள். அதிலிருந்து நேரடியாக நிமிடக் கணக்கு எடுக்காதீர்கள். இன்னொன்று: ஆக்ட்-ஆர் ஒரு விதியை இயக்க 50 மில்லிசெக்கன் எடுக்கும் என்று வைத்துக்கொள்கிறது. ஓர் ஆளுக்கு நல்லது. மூவாயிரம் பேருள்ள கரைக்கு உங்கள் மடிக்கணினி தாங்காது.

எளிய ஏஜென்ட்கள், அப்புறம் கற்கும் வலைகள்

அமெரிக்கக் கடற்படைப் பகுப்பாய்வு மையத்தில் இலசின்ஸ்கி செய்த 'ஐன்ஸ்டைன்' என்ற மொடலில் ஒவ்வொரு வீரனுக்கும் சில எடைகள் மட்டும்: தன் ஆட்களை நோக்கி எவ்வளவு, எதிரியை நோக்கி எவ்வளவு, இலக்கை நோக்கி எவ்வளவு. மூளை என்று ஒன்றுமில்லை. ஆனாலும் திரையில் சுற்றிவளைப்பு, சிதறல் எல்லாம் தானாகத் தோன்றும். நெட்லோகோ என்ற சிமுலேஷன் மென்பொருள் இலவசம், அதில் இதே பாணியில் "குடும்பத்தை நோக்கி", "கடலுக்கு எதிராக", "கூட்டத்தைப் பின்பற்றி" என்று மூன்று எடை வைத்தால் போதும். டச்பார் தெருவில் எங்கே நெரிசல் வரும் என்று இதைப்போல் வேகமாகக் காட்டுவது வேறொன்றில்லை. அம்மா ஏன் திரும்பிப் போனாள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

நியூரல் நெட்வேர்க்? 2020 ஓகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகவரகமான டார்பா நடத்திய கணினி வான்சண்டையில் ஒரு கற்கும் நிரல் அனுபவமுள்ள எஃப்-16 விமானியை 5-0 என்று வென்றது. அது செத்துச் செத்துப் பழகியது. எங்களிடம் இருப்பது இரண்டு நாள். அதோடு அது வெல்லும் வழியைக் கண்டுபிடிக்கும். நாங்கள் தேடுவது ஆட்கள் உண்மையில் போன வழியை. விடுங்கள்.

தரவு கேட்கப் போகும்போது

"எத்தனை மணிக்கு ஓடினீங்க?" என்று கேட்டால் யாருக்கும் சரியாகத் தெரியாது. "அப்ப அடுப்பில என்ன இருந்தது? முதல்ல சத்தம் போட்டது ஆரு? படலையைத் தாண்டேக்க உங்கட கையில ஆர்ர கை?" என்று கேளுங்கள். சோறு கொதித்ததா, வடித்தாயிற்றா என்பதிலிருந்து நிமிடத்தைக் கணக்கிடலாம். ஊரில் அறிந்த ஒருவரோடு போங்கள். ஒருவர் பேச்சை நிறுத்தினால் கொப்பியை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். மிச்சக் கேள்விகளை அங்கேயே விட்டுவிடுங்கள்.

எண் எங்கிருந்து வந்தது என்பதை எழுதிவையுங்கள். இரண்டாம் உலகப்போரில் 15 முதல் 25 சதவீத வீரர்களே துப்பாக்கியைச் சுட்டார்கள் என்று 1947இல் மார்ஷல் என்ற அமெரிக்க இராணுவ வரலாற்றாசிரியர் எழுதினார். அதை அவர் எப்படிக் கணக்கிட்டார் என்பதற்கு ஆதாரம் போதாது என்று பிந்திய வரலாற்றாசிரியர்கள் சந்தேகித்தார்கள். ஆனால் எண் மட்டும் பல தலைமுறை உயிரோடு சுற்றியது.

ஒத்துப் பார்த்தல்

இங்கே அமெரிக்க விமானப்படை ஆய்வுகூடம் 2000ஐ ஒட்டிய வருடங்களில் நடத்திய ஆம்பர் திட்டத்தைப் பின்பற்றுங்கள். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை ஒத்த ஒரே பணியை நான்கு குழுக்களுக்குக் கொடுத்தார்கள். ஆக்ட்-ஆர் உட்பட நான்கு விதக் கட்டமைப்பு. அதே பணியை மனிதர்களும் செய்தார்கள். காட்டிய தரவோடு மொடல்கள் நன்றாகவே ஒத்துப்போயின. முன்பு காட்டாத பணி வந்தபோது தடுமாறின.

அதனால்தான் நான் 2012ஐ ஒளித்துவைக்கச் சொல்கிறேன். 2004 சாட்சியங்களை வைத்து மொடலைக் கட்டுங்கள். 2012 சாட்சியங்களை இன்னொரு பிள்ளை சேகரித்துப் பூட்டி வைக்கட்டும். எல்லா முறைகளும் தங்கள் மூன்று பதிலையும் எழுதிக் கொடுத்தபிறகு திறவுங்கள். திறந்தபின் எதையும் திருத்தக் கூடாது; திருத்தினால் இரண்டாம் சுற்று என்று தனியாக எழுத வேண்டும்.

இடத்தையும் மாற்றிப் பாருங்கள். அம்பாறை மாவட்டம்தான் இலங்கையில் அதிக உயிரிழப்பைக் கண்டது, பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என்று வீடுகள் நெருங்கிக் கிடக்கிற கரை. அங்கே வாவித் திட்டு இல்லை. கடலிலிருந்து பிரதான வீதிக்கு ஓடுகிற ஒடுக்கமான ஒழுங்கைகள், அதற்கு மேற்கே வயல். மருதமுனைப் பிள்ளை ஒருத்தி என் காட்சியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சேர், தறி ஓடுற வீட்டுக்குள்ள இருந்தா வெளியில கூப்பிடுற சத்தம் கேக்காது. உங்கட அம்மாக்குக் காது எப்பவும் திறந்திருக்கு." சரிதான். நிலைமாற்றப் பொறியில் அதற்கு ஒரு புதிய நிபந்தனை வேண்டும். பிடிஐயில் செய்தி நம்பிக்கையாக மாறும் இடத்தில் ஒரு வரி. எளிய ஏஜென்ட்டில் அதற்கு இடமே இல்லை. இப்படி ஒரு உள்ளூர்த் தகவலை நுழைக்க எவ்வளவு கரைச்சல் என்பதும் ஒப்பீட்டில் ஒரு பத்தி.

என் தெரிவைக் கேட்டால், கலப்பு. நெரிசலுக்கு நெட்லோகோவில் எளிய ஏஜென்ட்கள், அதற்குள் வீட்டுக்கு ஒருவர், முடிவெடுப்பவர், சின்ன பிடிஐயோடு, அலுவலர்களுக்கு விதிகள். ஆக்ட்-ஆரைத் தாளில் மட்டும், யாருடைய தொடக்க நம்பிக்கை பலமானது என்று வரிசைப்படுத்த.

கிராம சேவையாளருக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ காட்டப் போகும்போது, ஓடுகிற புள்ளிகளின் படத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் பக்கத்தில் இரண்டு நாளுக்கும் ஒவ்வொரு முறையும் சொன்ன புறப்படும் நிமிடத்தை, குறைந்ததும் கூடியதுமாக வீச்சோடு போடுங்கள். பக்கத்தில் கையால் வைத்த எண்கள் எவை, கேட்டு எடுத்தவை எவை என்று நிறம் பிரித்துக் காட்டுங்கள். படத்தைப் பார்த்தவர்கள் அதை நடக்கப்போகிற உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள், எண்ணைப் பார்த்தவர்கள் கேள்வி கேட்பார்கள். "ரெண்டு நிமிசம் எண்டு எப்படிச் சொல்றீங்க?" என்று யாராவது கேட்டால், உங்கள் மேசையில் அதற்கான கொப்பி இருக்க வேண்டும்.